அம்மாவை முன்னே நிறுத்திய அண்ணனுக்கு

கேள்வி: நாங்கள் கேரளத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். அப்பா இல்லை. திருட்டு பைக்கை வாங்கி விற்றதாகத் தம்பி மீது வழக்கு. போன வாரம் போலீஸ் வந்து, வாரண்ட் காட்டாமல் வீடு முழுக்கத் தேடினார்கள். அவன் போனையும் இரண்டு ஆர்.சி. புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு அவனையும் கூட்டிப்போனார்கள். இப்போது ரிமாண்டில் இருக்கிறான். நான் அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கிறேன், பேர் எதிலும் வரவேண்டாமே என்று கொல்லைப்புறம் போய்விட்டேன். அம்மாதான் மூன்று தாளில் கையெழுத்துப் போட்டார். எல்லாம் மலையாளம். இப்போது விசாரிக்க வேண்டுமென்று அம்மாவை ஸ்டேஷனுக்குக் கூப்பிடுகிறார்கள். வாரண்ட் இல்லாததால் வழக்கு நிற்காதுதானே?

பதில்: நிற்கும். வாரண்ட் வாங்கி வருவதற்குள் பொருள் கைமாறிவிடும் என்று கருதினால், காரணத்தை எழுதிவைத்துவிட்டு விசாரணை அதிகாரியே தேடலாம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 185-ஆவது பிரிவு அது. தேடிய முறையில் குறை இருந்தாலும், கிடைத்த பொருள் அந்த ஒரு காரணத்தால் சாட்சியமாகாமல் போய்விடாது. 1973-இல் பூரன்மல் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்த வாரண்ட் கேள்வி எனக்கு அடிக்கடி வருவதுதான்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதியதுதான் எனக்கு உறுத்துகிறது. போலீஸ் அலமாரியைத் திறக்கிறபோது மூத்த மகன் கொல்லையில் நிற்கிறான், மொழி வாசிக்கத் தெரியாத அம்மா கையெழுத்துப் போடுகிறார். என்ன தாள்கள் அவை? ஒன்று, எடுத்த பொருள்களின் பட்டியலாக இருக்கலாம். இன்னொன்று கைது மெமோ; அதில் குடும்பத்தாரோ ஊர்க்காரரோ ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டும். மூன்றாவது? அம்மா சொன்னதாக எழுதிய வாக்குமூலம் என்றால், அதில் கையெழுத்து வாங்கவே கூடாது. 181-ஆவது பிரிவு தடுக்கிறது. எது என்று உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

தேடும்போது வீட்டுக்காரர் ஒருவரைக் கூடவே நிற்க விடவேண்டும், பட்டியலின் நகலைத் தரவேண்டும் என்கிறது 103-ஆவது பிரிவு. அந்த ஊரைச் சேர்ந்த, வழக்கில் சம்பந்தமில்லாத இரண்டு பேர் சாட்சியாக இருக்கவேண்டும். தேடுவதை வீடியோ எடுப்பதும் இப்போது கட்டாயம். நீங்கள் அங்கே நின்றிருந்தால் ஆர்.சி. புத்தகம் எந்த இடத்தில் கிடைத்தது, சாட்சிகள் யார், படம் பிடித்தார்களா என்று இன்று வக்கீலிடம் சொல்லியிருக்கலாம். சட்டம் அந்த வீட்டுக்குள் உங்களுக்கென்று ஓர் இடம் கொடுத்தது. அதில் அம்மாவை நிறுத்திவிட்டு வந்தீர்கள். வீட்டுக்காரராகப் பட்டியலில் கையெழுத்துப் போடுகிறவர் அதனால் குற்றவாளி ஆகிவிட மாட்டார் என்பதையாவது பி.எஸ்.சி.க்குப் படிக்கிறவர் தெரிந்துவைத்திருக்க வேண்டாமா? தெரியாவிட்டாலும்தான் என்ன, அந்தப் பயத்தை அம்மா தலையில் கட்டுவதா? அப்பா இல்லாத வீட்டில் மூத்தவன் நிற்கவேண்டிய இடம் வாசல். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

சரி, இப்போது செய்யவேண்டியது. தேடிய காரணத்தை எழுதிய குறிப்பு 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போயிருக்க வேண்டும். வீட்டில் குடியிருப்பவர் மனுப் போட்டால் அதன் நகலை இலவசமாகத் தரவேண்டும். மனுவை உங்கள் பெயரில் போடுங்கள். பட்டியலின் நகல் அம்மாவிடம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அரிசி டப்பாவுக்கு அடியில்கூட இருக்கலாம். தம்பிக்குக் கைதுக்கான காரணத்தை அவனுக்குப் புரியும் மொழியில் எழுத்தில் கொடுத்தார்களா என்று வக்கீல் கேட்கட்டும். அப்படிக் கொடுக்கவேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றம் என்றால், நோட்டீஸ் கொடுத்து விசாரிக்காமல் கைது செய்தது ஏன் என்பதையும் கேட்கட்டும். காவலில் இருப்பவருக்கும் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு; பணமில்லை என்று உட்கார்ந்துவிட வேண்டாம்.

அம்மா ஸ்டேஷனுக்குப் போகவேண்டியதில்லை. பெண்ணைச் சாட்சியாக விசாரிப்பதென்றால் அவர் வீட்டுக்குத்தான் வரவேண்டும், 179-ஆவது பிரிவு. இதை எழுதி ஸ்டேஷனில் கொடுத்து, ரசீது வாங்குங்கள். அவர்கள் விசாரிக்க வரும் நாளில் அம்மா பக்கத்திலேயே இருங்கள். மலையாளத்தில் எழுதுவதை அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அன்றைக்குப் பரீட்சையே இருந்தாலும் சரி.