இரண்டாவது வாரத் தோல்வியோடு பட்டக் கனவு போய்விடுமா?

போகாது. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் உங்கள் அணி சொந்த மைதானத்தில், தரவரிசையின் முதல் 25-இல்கூட இல்லாத அணியிடம் தோற்றதால் எல்லாம் முடிந்ததா என்று கேட்டிருந்தீர்கள். 2024-இல் நோட்ர டேம் பல்கலைக்கழக அணிக்கு இதே இரண்டாவது வாரத்தில் இதேதான் நடந்தது. நார்தர்ன் இல்லினாயிடம் 16-14 எனத் தோற்றது. ஆனால் நோட்ர டேம் ஜனவரியில் தேசியப் பட்டத்தின் இறுதிப் போட்டி வரை போனது. அங்கே அவர்களை 34-23 என வென்ற ஒஹையோ ஸ்டேட்டும் அந்தப் பருவத்தில் இருமுறை தோற்ற அணிதான்.

உங்கள் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) வேறு கல்லூரியிலிருந்து இந்த ஆண்டுதான் வந்தவர் என்கிறீர்கள். பெரும்பாலும் அதுதான் காரணம். பந்து பிடிப்பவர்களோடு அவருக்கு இன்னும் நேரம் ஒத்துவரவில்லை. டியூக்கிலிருந்து நோட்ர டேம் வந்த ரைலி லெனர்டும் அன்று இரண்டு முறை பந்தை எதிரணி கையில் வீசினார்.

ஒன்று செய்யுங்கள். ஆட்டத்தை மறுபடி போட்டு, பந்தை விட்டுவிட்டு உங்கள் அணியின் முன்வரிசை வீரர்களை மட்டும் பாருங்கள். மூன்றாவது டவுனில் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவதில்) ஒரு யார்டு வேண்டியபோது எதிரணியைத் தள்ளினார்களா? தள்ளியிருந்தால் எனக்குப் பயமே இல்லை. தள்ளப்பட்டிருந்தால் கவலைப்பட வேண்டியதுதான். அதே 2024-இல் தரவரிசையில் பத்தாம் இடத்தில் தொடங்கிய ஃப்ளோரிடா ஸ்டேட், முதல் ஆட்டத்தில் ஜார்ஜியா டெக்கிடம் 24-21 என மூன்றே புள்ளியில் தோற்றது. பருவம் இரண்டு வெற்றி, பத்துத் தோல்வி என்று முடிந்தது.

ஒரு எச்சரிக்கை: நோட்ர டேம் அதன்பின் மீதிப் பத்து ஆட்டங்களையும் வென்றுதான் பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றின் 12 அணிகளில் ஒன்றானது. உங்கள் அணிக்கு கான்ஃபரன்ஸ் (அணி சேர்ந்திருக்கும் லீக்) பட்டம் என்ற இன்னொரு வழி உண்டு. ஆனால் அக்டோபரில் இன்னொரு தோல்வி வந்தால், அந்த வழியும் குறுகும்.