தோசைக்கல்லைத் தட்டிப் பார்க்காதீர்கள், நிறுத்துப் பாருங்கள்

கேள்வி: திருமங்கலத்தில் சாயங்காலத் தோசைக்கடை போட்டிருக்கிறேன். அஞ்சாறு தோசைக்குள் கல் ஆறிப்போய் மாவு ஒட்டுகிறது. பாத்திரக்காரர், 'சேலத்து மாக்கல்லில் (கல்சட்டி செய்கிற கல்) செய்த தோசைக்கல் வாங்குங்கள், இரும்பைவிட இரண்டு மடங்கு சூடு பிடிக்கும்' என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அவர் சொன்னது பொய்யில்லை. கிலோவுக்குக் கிலோ பார்த்தால் மாக்கல் இரும்பைவிட இரண்டு மடங்கு சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். ஆனால் கேட்ட நேரத்தில் தராது. இரும்பில் சூடு ஓடுகிற வேகத்தில் அதற்குப் பத்தில் ஒரு பங்குகூடச் சந்தேகம்தான். கல்சட்டியில் வத்தக்குழம்பு இறக்கி வைத்த பிறகும் கொதிக்குமே, அதற்கு அந்தக் குணம் சரி. வரிசையில் ஆள் நிற்கும்போது சரிவராது.

ஒரு தோசையில் 20 கிராம் தண்ணீர் ஆவியாகிறது என்று வையுங்கள். அடுப்பு அணைந்திருந்தால் 4 கிலோ இரும்புக் கல்லே அதில் 25 டிகிரி இறங்கிவிடும். உங்கள் கல் 2 கிலோ என்றால் 50. அடுப்பு அதை ஈடுகட்டுவதற்குள் நீங்கள் அடுத்த கரண்டியை ஊற்றிவிடுகிறீர்கள். ஆக, உங்களுக்கு வேண்டியது கனமான வார்ப்பிரும்புக் கல்.

இங்கேதான் ஏமாற்று. மெல்லிய தகட்டுக்குக் கறுப்புப் பூசி, எண்ணெய் தடவி, 'வார்ப்பு, பழக்கியே தர்றோம்' என்று கூடுதல் காசு வாங்குகிறார்கள். காந்தம் வைத்துக் காட்டுவார்கள். தகட்டிலும் காந்தம் ஒட்டும்! 12 அங்குல அகலம், 6 மில்லிமீட்டர் தடிமன் உள்ள வார்ப்புக் கல் சுமார் 3 கிலோ இருக்கும். தராசில் ஒன்றரை காட்டினால் தடிமன் பாதிதான். நானே திருவிழாக் கடையொன்றில் வாங்கிய கல்லில், விரிசலைக் கரிப்பசையால் அடைத்திருந்தார்கள். ரசீதும் இல்லை. எடை, விலை அச்சிடாமல் பிஸ்கட் பாக்கெட் விற்க முடியாது. ஆயுசுக்கும் வாங்குகிற தோசைக்கல்லை மட்டும் குத்துமதிப்பாக விற்கலாம். அதிகாரிகளிடம் கேட்டால் 'எழுதிக் கொடுங்க சார்' என்பார்கள். எழுதிக் கொடுத்தேன். அப்புறம்? அவ்வளவுதான்.

ஒரே ஒரு விதிவிலக்கு. கறி தோசை மட்டும் போடுவீர்கள் என்றால் மாக்கல்லை யோசிக்கலாம். அது நிதானமாக வேகவேண்டியது: அடியில் தடித்த தோசை, மேலே முட்டை, அதன்மேல் கறி, பிறகு திருப்பிப் போட்டு இன்னொரு வேக்காடு. அவசரத் தீ அடியைக் கருக்கிவிட்டு முட்டையைப் பச்சையாக விட்டுவிடும். மெதுவாகச் சூடு தருகிற கல் அங்கே கைகொடுக்கும். அதிலும் கறி முன்பே வதங்கிச் சூடாக இருக்கவேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கறியைப் போட்டால் அந்தக் கல்லும் ஆறிப்போகும். நடுவில் ஒருவர் நெய் ரோஸ்ட் கேட்டால் இந்தக் கணக்கு முழுக்க அடிபட்டுப்போகும். ஆகவே இரண்டாவது அடுப்பு இருந்தால் மட்டும்.

நான்ஸ்டிக் பற்றிக் கேட்கவில்லை, நல்லது. காலிக் கல் 260 டிகிரியைத் தாண்டினால் அந்தப் பூச்சு கெட ஆரம்பித்துவிடும். கடை அடுப்பில் அது சர்வசாதாரணம்.

புதுக் கல் வந்ததும் கடை மூடும் அவசரத்தில் சூட்டோடு செம்புத் தண்ணீரைக் கொட்டாதீர்கள். வார்ப்பிரும்பு படீரென்று விரிசல் விட்டுவிடும்.