கீமோ போகுது, பாதம் எரியுது
கேள்வி: அம்மாவுக்கு பாக்லிடாக்சல் கீமோ போயிட்டு இருக்கு, பாதம் எரியுதுங்கிறாங்க, ஜாக்கெட் ஹூக் கூட போட முடியல. பொறுத்துக்கத்தான் வேணுமா?

பதில்: பொறுத்துக்கவே வேண்டாம்மா, அடுத்த டோஸுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, இந்த மருந்து நரம்பை பாதிக்கிறது விரல் நுனியிலயும் பாதத்துலயும்தான் முதல்ல தெரியும், ஹூக் போட முடியலங்கிறத அப்படியே சொன்னீங்கன்னா டோஸ குறைக்கணுமா தள்ளிப்போடணுமான்னு அவங்க முடிவு பண்ணுவாங்க. வலிக்கு டுலோக்ஸெட்டின் மாத்திரை சிலருக்கு நல்லா கேக்கும். நீங்களா வைட்டமின் பி6 வாங்கி குடுத்துடாதீங்க, அளவுக்கு மீறி போனா அதுவே நரம்பை கெடுக்கும்! மரத்துப்போன காலுக்கு சூடு தெரியாது, அதனால குளிக்கிற தண்ணிய நீங்க முழங்கையால தொட்டு பாத்துட்டு ஊத்துங்க, தினமும் பாதத்துல காயம் இருக்கான்னும் பாருங்க. கீமோ முடிஞ்சப்புறமும் எரிச்சல் கொஞ்ச மாசம் இருக்கலாம், பலருக்கு மெதுவா குறைஞ்சிடும்.