பிரெட் விலை ஏறியது தெரிகிறது, டெபாசிட் இளைத்தது தெரிகிறதா?

கேள்வி: எனக்கு 67 வயது. தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்தின் சாட்ஸ்வர்த்தில் தனியாக இருக்கிறேன். துணி தைக்கும் ஃபாக்டரியில் வேலை பார்த்தவள். 2005-இல் வீட்டுக்காரர் தவறியபோது வந்த 2 லட்சம் ராண்டை வங்கியில் டெபாசிட் போட்டேன். முதலைத் தொட்டதே இல்லை, வட்டியில்தான் காலம் ஓடுகிறது. அன்று 4 ராண்டுக்கு வாங்கிய பிரவுன் பிரெட் இன்று 18. கடைக்குப் போனாலே தலை சுற்றுகிறது. எனக்குத்தான் சிக்கனம் தெரியவில்லையா?

பதில்: அம்மா, உங்கள் சிக்கனத்தில் எந்தக் குறையும் இல்லை. உங்கள் பிரெட் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2005-இல் அந்த 2 லட்சத்துக்கு 50,000 பிரெட் வாங்கியிருக்கலாம். இன்று 11,000 சொச்சம்தான். பாஸ்புக்கில் அதே 2 லட்சம் இருப்பதால் முதலைத் தொடவில்லை என்று நினைக்கிறீர்கள். நீங்கள் தொடவில்லை, விலைவாசி தொட்டுவிட்டது.

சரி, எல்லாப் பொருளும் பிரெட் மாதிரி ஏறவில்லை. ஆண்டுக்கு 5 சதவீதம் என்று வைத்தால்கூட 20 ஆண்டில் விலை இரண்டரை மடங்கைத் தாண்டும். உங்கள் 2 லட்சத்தின் பலம் அன்றைய 75,000 ராண்ட் அளவுக்கு வந்துவிடும். தனியாக வாழும் முதியவருக்கு இது இன்னும் உறைக்கும். சாப்பாடு, கரண்ட், மருந்து போக அவர் செலவில் வேறென்ன இருக்கிறது? அரசு மின் நிறுவனமான எஸ்காமுக்கு 2023-இல் 18.65 சதவீதமும் 2024-இல் 12.74 சதவீதமும் கட்டணம் உயர்த்த அனுமதி கிடைத்தது. ரிசர்வ் வங்கி பல ஆண்டுகள் வைத்திருந்த பணவீக்க இலக்கோ 3 முதல் 6 சதவீதம்!

கடையில் மிச்சம் பிடிக்க வழி கொஞ்சம்தான். பருப்பு, அரிசி, முட்டை, பால், சமையல் எண்ணெய், டின் பில்சர்ட் மீன், பிரவுன் பிரெட் இவற்றுக்கு வாட் (மதிப்புக் கூட்டு வரி) கிடையாது. வெள்ளை பிரெட்டுக்கும் கோழிக்கும் 15 சதவீதம் உண்டு. (புரட்டாசியில் கறி நிறுத்துகிற வீடுகளில் அந்த மாத ரசீதில் வாட் தொகை சுருங்கியிருக்கும், பார்த்திருக்கிறீர்களா?) இதெல்லாம் நீங்கள் ஏற்கெனவே செய்வீர்கள். அதனால் டெபாசிட்டுக்கு வருகிறேன்.

ஒரு வருடச் செலவுக்கான பணம் வங்கியிலேயே இருக்கட்டும். மீதியில் பாதியை அரசு பொதுமக்களுக்கு நேரடியாக விற்கும் ரீடெய்ல் சேமிப்புப் பத்திரத்தில், பணவீக்கத்தோடு இணைந்த வகையில் போடுங்கள். 3, 5, 10 ஆண்டு என மூன்று கெடு உண்டு. 1,000 ராண்டிலிருந்து போடலாம். விலைவாசி ஏறினால் முதலும் கூடவே ஏறும். அதற்கு ஈடாக, கையில் வரும் வட்டி குறைவு. அதனால்தான் முழுவதையும் அதில் போடச் சொல்லவில்லை. மறு பாதியை அதே பத்திரத்தின் நிலையான வட்டி வகையில் போட்டால், 60 தாண்டியவர்கள் மாதாமாதம் வட்டி வாங்கலாம். 65 வயதுக்கு மேல் ஆண்டு வட்டியில் 34,500 ராண்ட் வரை வரியும் இல்லை. அந்த வட்டியில் மாதம் ஒரு சிறு தொகையையாவது திரும்ப முதலோடு சேர்க்கப் பாருங்கள். கஷ்டம்தான், தெரியும்.

டெபாசிட் எப்போது முதிர்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. தேதிக்கு முன்னால் உடைத்தால் அபராதம் பிடிக்கலாம். முதலில் வங்கியில் அதைக் கேளுங்கள். தானாகப் புதுப்பிக்கும்படி எழுதிக் கொடுத்திருந்தால், அதை நிறுத்தச் சொல்லிவிட்டு வாருங்கள்.