ஆட்டோகேட் வந்த வழி: கேள்வி பதில்

பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் பிரஸ் டூல் (தகட்டை வெட்டி வளைக்கும் அச்சு) வடிவமைப்பது என் தொழில். கணினியில் வரைபடம் வரையும் மென்பொருளான ஆட்டோகேட் தோன்றி வளர்ந்த விதம் பற்றி வந்திருக்கும் கேள்விகளுக்கு விடையளிக்கிறேன். எங்கே இலவசமாகக் கிடைக்கும் என்ற கேள்வி வரலாற்றில் சேராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அல்சூர், கட்டட வரைவாளர்: ஐயா, உலகின் முதல் கேட் (கணினி வழி வடிவமைப்பு) மென்பொருள் ஆட்டோகேட்தானா?

இல்லை. 1963-லேயே எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் ஸ்கெட்ச்பேட் என்ற நிரலை எழுதி, ஒளிப்பேனாவால் திரையில் கோடு வரைந்து காட்டிவிட்டார். எழுபதுகளில் கம்ப்யூட்டர்விஷன் போன்ற நிறுவனங்கள் விற்றவை மினி கணினியும் மென்பொருளும் சேர்ந்த விலையுயர்ந்த அமைப்புகள் என்பதால், சிறிய பட்டறைகள் அவற்றை வாங்க நினைத்தும் பார்க்க முடியாது. 1982-ல் தொடங்கிய ஆட்டோடெஸ்க் நிறுவனம், மேசைமேல் வைக்கும் மைக்ரோ கணினியில் ஓடும் ஆட்டோகேட் என்ற வரைவு நிரலை 1,000 டாலருக்குக் கொடுத்தது; அந்த நவம்பரில் லாஸ் வேகஸில் நடந்த காம்டெக்ஸ் கண்காட்சியில் அதைக் காட்டி, டிசம்பரில் விற்பனைக்கு விட்டார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. நிறுவனத்தின் பெயர், அலுவலக வேலைகளுக்காக அவர்கள் திட்டமிட்டிருந்த வேறொரு நிரலின் பெயர். பெரிதும் நம்பிய அந்தச் சரக்கு போன இடம் தெரியவில்லை. கூடவே வந்த ஆட்டோகேட்தான் குடும்பத்தைக் காப்பாற்றியது.

யஷ்வந்தபுரம், மாணவர்: 2007 பதிப்பு இலவசமாக எங்கே கிடைக்கும்?

முதல் பத்தியைப் படிக்கவும். மாணவர்களுக்கு ஆட்டோடெஸ்க்கே கல்வி உரிமத்தை இலவசமாகத் தருகிறது.

ராஜாஜிநகர், டூல் ரூம் உரிமையாளர்: எங்கள் பழைய டிசைனர் ஆட்டோகேட்டின் ரிலீஸ் 12 பதிப்பை விடவே மாட்டேன் என்று பல ஆண்டுகள் பிடிவாதம் பிடித்தார். அதில் அப்படி என்ன இருந்தது?

அவர் பிடிவாதத்தில் நியாயம் இருந்தது. 1992-ல் வந்த ரிலீஸ் 12, விண்டோஸுக்கு முந்தைய இயக்குதளமான டாஸில் வேகமாகவும் நிலையாகவும் ஓடியது. திரையின் வலப்பக்கம் மெனு, கீழே மூன்று வரி கட்டளைப் பகுதி, மற்றதெல்லாம் வரைபடம் என்றிருந்த அந்தத் திரையில், இடக்கை விசைப்பலகையிலும் வலக்கை மவுஸிலும் இருக்க, கண்ணை எடுக்காமல் ஒரு டை செட் முழுவதையும் வரைந்து முடிக்கலாம். 1994-ல் வந்த ரிலீஸ் 13, ஏசிஸ் என்ற திட வடிவ நிரலைச் சுமந்துகொண்டு, பிழைகளோடும் மந்தமாகவும் வந்து சேர்ந்தது. திருத்தங்களை ஒன்றன்பின் ஒன்றாக வெளியிட்ட பிறகும் அதன்மேல் யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. 1997-ல் ரிலீஸ் 14 வந்து டாஸையும் யூனிக்ஸையும் கைவிட்டு, விண்டோஸுக்கு மட்டும் என்று நின்றபோதுதான் பலர் 12-ஐ விட்டு இறங்கினார்கள். இடைப்பட்ட 13-ஐத் தொடாமலே தாண்டிப் போனவர்கள் புத்திசாலிகள் என்பது என் எண்ணம்.

எலக்ட்ரானிக் சிட்டி, வடிவமைப்புப் பொறியாளர்: கேட்டியா என்ற இன்னொரு கேட் மென்பொருளின் வரலாற்றையும் எழுதுங்கள், ஐயா.

அது பிரான்சின் தஸோ விமான நிறுவனத்தில் பிறந்தது. என் துறை அல்ல. விமான உதிரிபாகம் செய்பவர்களைக் கேட்கவும்.

ஜாலஹள்ளி, ஓய்வுபெற்ற பொறியாளர்: ஆட்டோகேட்டை உருவாக்கியவர் ஜான் வாக்கர் என்று எழுதாமல் விட்டுவிட்டீர்களே?

வாக்கர் நிறுவனத்தை உருவாக்கியவர். நிரலின் கரு மைக் ரிடில் எழுதியது. 1977-ல் தொடங்கி அவர் எழுதிய இன்டராக்ட் என்ற நிரல் மாரின்சிப் கணினியில் ஓடியது. அந்தக் கணினியை விற்றவர்தான் வாக்கர்.

பொம்மசந்திரா, சி.என்.சி. நிரலாளர்: அப்படியானால் ரிடில்தான் தந்தை, வாக்கர் வெறும் வியாபாரி என்று ஒப்புக்கொள்ளுங்கள்.

ஒப்புக்கொள்ள மாட்டேன். வாக்கர் தாமே தேர்ந்த நிரலாளர். மாரின்சிப்பில் மட்டும் ஓடிக்கொண்டிருந்திருந்தால் இன்டராக்ட் அங்கேயே முடிந்திருக்கும். வாக்கரின் கூட்டாளிகள் அதைப் பரவலாக விற்ற கணினிகளுக்கு ஏற்ப மாற்றி எழுதினார்கள். ரிடிலும் நிறுவனர்களில் ஒருவரே. பின்னாளில் பிரிந்து ஈஸிகேட், ஃபாஸ்ட்கேட் ஆகியவற்றை எழுதினார். ஈஸிகேட் திறமையான நிரல், ஆனாலும் ஆட்டோகேட்டை அசைக்க அதனால் முடியவில்லை. காரணம், வரையும் திறமை மட்டும் அல்ல. வெளியார் படிக்கக்கூடிய டி.எக்ஸ்.எஃப். கோப்பு வடிவம் முதல் பதிப்பிலேயே இருந்தது. 1986-ல் ஆட்டோகேட்டுக்குள் நிரல் எழுதும் ஆட்டோலிஸ்ப் முழு மொழியாக வந்த பிறகு, பீன்யாவின் டிசைனர்கூட துளைகளை எண்ணி அட்டவணை போடும் நிரலைத் தானே எழுதிக்கொள்ள முடிந்தது. அப்படி ஊரெல்லாம் எழுதிக் குவித்த நிரல்கள்தான் ஆட்டோகேட்டை அசைக்க முடியாததாக்கின.

ஜாலஹள்ளி, அதே பொறியாளர்: ஆட்டோலிஸ்ப்பும் வாக்கர் காலத்துச் சாதனைதானே?

ஆம், ஆனால் அதன் வேர் டேவிட் பெட்ஸ் எழுதிய எக்ஸ்லிஸ்ப். தந்தை யார் என்ற வழக்கை இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். லிஸ்ப் பேச்சு வந்ததால் ஓர் எச்சரிக்கை: வாடிக்கையாளர் அனுப்பும் கோப்புறையில் வரைபடத்தோடு 'ஏகேட்' (acad) என்ற பெயரில் லிஸ்ப் கோப்பு ஏதாவது இருந்தால், வரைபடத்தைத் திறப்பதற்கு முன்பே அதை அப்புறப்படுத்துங்கள். பழைய பதிப்புகள் அதைக் கேட்காமலே ஏற்றிக்கொள்ளும். வைரஸ்கள் பரவிய வழி அதுவே. இப்படி ஏறும் நிரல்களைக் கட்டுப்படுத்த 2014 பதிப்பில் வந்த செக்யூர்லோடு அமைப்பை ஒருபோதும் பூஜ்யமாக வைக்காதீர்கள்.

சிவாஜிநகர், வரைவாளர்: எனக்கு வந்த டி.டபிள்யூ.ஜி. (ஆட்டோகேட் வரைபட) கோப்பு திறக்கவில்லை. எந்தப் பதிப்பு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கோப்பின் நகல் ஒன்றை நோட்பேடில் திறந்து, முதல் ஆறு எழுத்துகளைப் பாருங்கள், அம்மா. ஏசி1009 என்றால் ரிலீஸ் 11 அல்லது 12, ஏசி1014 என்றால் 14, ஏசி1015 என்றால் 2000, ஏசி1018 என்றால் 2004, ஏசி1021 என்றால் 2007. அதன்பின் 1024, 1027, 1032 ஆகியவை முறையே 2010, 2013, 2018-ஐக் குறிக்கும். எதையும் மாற்றாமல், சேமிக்காமல் மூடிவிடுங்கள்.

ஓசூர், ஃபேப்ரிகேஷன் பட்டறை: என் கோப்பும் திறக்கவில்லை. ஏசி1032 என்று இருக்கிறது.

மேலே சொன்னதுதான், அது 2018 வடிவம்.

கெங்கேரி, வரைவாளர்: என்னிடம் 2010 பதிப்பு இருக்கிறது. 2018 கோப்பைத் திறக்க முடியுமா? லிஸ்ப் கோப்புகளும் கூடவே வந்திருக்கின்றன.

நேரடியாகத் திறக்காது. அனுப்பியவரையே 2010 வடிவில் சேமித்து மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். அந்த லிஸ்ப் கோப்புகளைப் பற்றி ஜாலஹள்ளிக்காரருக்கு எழுதியது உங்களுக்கும் பொருந்தும்.