பதினோரு நாளாகியும் பழுக்காத பட்டுப்புழு

கேள்வி: தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் வி1 ரக மல்பெரி வைத்துப் பைவோல்டின் இனப் பட்டுப்புழு வளர்க்கிறேன். இந்த முறை 150 முட்டைத் தொகுதி எடுத்தேன். மேற்கு அடுக்குப் புழுக்கள் கடைசிப் புழுப் பருவமான ஐந்தாம் பருவத்தின் எட்டாம் நாளே பழுத்து, அதாவது நூல் இழுக்கத் தயாராகி, கூடு கட்டும் சந்திரிகைத் தட்டில் ஏறிவிட்டன. கிழக்கு அடுக்கில் இருப்பவை பதினோராம் நாளிலும் இலை தின்றுகொண்டிருக்கின்றன; உடல் பெருத்திருக்கிறதே தவிர, கூடு கட்டும் குறி இல்லை. பால் வடியும் நோய் இல்லை, சாவும் இல்லை. எல்லாப் புழுவையும் ஒரே நாளில் பழுக்க வைக்கும் தாவர ஹார்மோன் இருக்கிறது என்று மருந்துக் கடைக்காரர் சொல்கிறார். அதை எந்த அளவில், எப்போது தெளிப்பது? கிழக்கு அடுக்குக்கு வேலியோர இலையைத்தான் போட்டேன். வேலிக்கு அப்பால் பங்காளியின் கத்தரித் தோட்டம். வெள்ளை ஈக்கு மருந்து அடித்திருந்தார். ஐயப்பட்டு அந்த இலையைப் பத்துப் புழுவுக்குக் கொடுத்து ஒரு நாள் வைத்துப் பார்த்தேன், ஒன்றுகூடச் சாகவில்லை. அதனால் இலை நல்ல இலைதான் என்று நினைக்கிறேன்.

பதில்: ஐயா, நீங்கள் கேட்டது தெளிக்கும் அளவை. அந்த அளவு புட்டியின் மேலட்டையிலேயே இருக்கும். நான் திருப்பிச் சொல்வதால் உங்களுக்குப் பயனில்லை. ஒரு தொகுதியில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் புழுக்கள் தாமாகவே பழுக்கத் தொடங்கிய பிறகு, பின்தங்கியவற்றை ஒன்றுசேர்ப்பதற்காகக் கொடுக்கப்படும் பொருள் அது. உங்கள் கிழக்கு அடுக்கில் பழுத்தது ஒன்றுகூட இல்லை. ஆகவே இன்று தெளிக்கவே கூடாது என்பது என் பதில். ஏன் என்பதற்குச் சற்று உள்ளே போக வேண்டும்.

கடைக்காரர் சொல்லும் ஹார்மோன், புழுவைத் தோலுரிக்கவும் உருமாறவும் வைக்கும் எக்டைசோன் வகையைச் சேர்ந்தது. 1954இல் ஜெர்மனியில் புட்டனாண்ட், கார்ல்சன் என்ற இருவர், 500 கிலோ பட்டுப்புழுக் கூட்டுப்புழுக்களை அரைத்து வடித்து 25 மில்லிகிராம் எக்டைசோனைப் படிகமாக எடுத்தார்கள். அரைத் தொன்னில் ஒரு சிட்டிகைக்கும் குறைவு. அவ்வளவு சிறிய அளவு புழுவின் உடம்பையே மாற்றியமைக்கிறது என்றால், அது உணவைப் போலவோ உரத்தைப் போலவோ வேலை செய்வதில்லை என்பது விளங்கும். இந்த ஹார்மோன் செல்லுக்குள் நுழைந்து, உட்கருவில் காத்திருக்கும் ஓர் ஏற்பிப் புரதத்துடன் சேர்கிறது. அந்த ஏற்பி தனியாக நிற்பதில்லை; அல்ட்ராஸ்பிராகிள் என்ற துணைப் புரதத்துடன் இணையாகச் சேர்ந்து, டிஎன்ஏவில் தனக்குரிய இடங்களில் உட்கார்ந்திருக்கிறது. ஹார்மோன் வராத வேளையில் அந்த இணை பக்கத்து மரபணுக்களை அடக்கி வைக்கிறது. ஹார்மோன் வந்து ஒட்டியதும் அடக்கும் புரதங்களை விலக்கி, எழுப்பும் புரதங்களை அழைத்துக்கொள்கிறது.

இதில் காலக் கணக்கு ஒன்று இருக்கிறது. உங்கள் சிக்கலின் வேர் அங்கேதான். 1960இல் கிளெவரும் கார்ல்சனும் ஒரு கொசுவினப் பூச்சியின் புழுவுக்கு எக்டைசோனை ஊசியில் ஏற்றியபோது, அதன் உமிழ்நீர்ச் சுரப்பியின் பெரிய குரோமோசோம்களில் குறிப்பிட்ட சில இடங்கள் மட்டும் சிறிது நேரத்திலேயே உப்பின. உப்பிய இடம் என்றால் மரபணு வேலை செய்யும் இடம். பின்னர் ஆஷ்பர்னர் பழ ஈயில் இதையே தொடர்ந்து பார்த்தார். சில இடங்கள் நிமிடக் கணக்கில் எழுந்தன. வேறு சில பல மணி நேரம் கழித்தே எழுந்தன. புதிய புரதம் உருவாகாமல் தடுத்துவிட்டால் முதல் வரிசை எழுகிறது, இரண்டாம் வரிசை எழுவதில்லை. முதலில் எழும் மரபணுக்களின் புரதங்களே அடுத்த வரிசையை எழுப்புகின்றன, தம்மைத் தாமே அடக்கவும் செய்கின்றன என்று 1974இல் அவரும் உடன் ஆய்ந்தவர்களும் எழுதினார்கள். இன்னும் நுட்பமான செய்தி, ஹார்மோன் ஏறுவது போலவே இறங்குவதும் ஓர் உத்தரவு என்பதாகும். எக்டைசோன் ஏறி இறங்கிய பிறகுதான் எழும் மரபணுக்கள் உண்டு. அவை எழாவிட்டால் அடுத்த ஏற்றத்துக்குச் செல் சரியாகப் பதில் சொல்வதில்லை. வயலுக்குத் தண்ணீர் கட்டத் தெரிந்தவருக்கு மடையை மூடும் நேரமும் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா, அது போல.

இனி உங்கள் புழுவுக்கு வருகிறேன். ஐந்தாம் பருவத்தின் தொடக்கத்தில் புழுவின் உடம்பில் இளமை ஹார்மோன் இருக்கிறது. ‘தின்றுகொண்டிரு, இன்னும் புழுவாகவே இரு’ என்பது அதன் சொல். அதை ஏற்கும் புரதம் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் அது எழுப்பும் ஒரு மரபணு, எக்டைசோன் ஏற்பி எழுப்ப வேண்டிய உருமாற்ற மரபணுக்களின் மேல் கையை வைத்து அமுக்கிக்கொள்கிறது. இளமை ஹார்மோன் வற்றினால்தான் அந்தக் கை விலகும். விலகிய பிறகு வரும் எக்டைசோன்தான் புழுவைத் தீனியை விட்டு நூல் இழுக்க வைக்கும். வெள்ளை ஈக்குத் தெளிக்கப்படும் பைரிப்ராக்ஸிஃபென் இதே இளமை ஹார்மோனைப் போல நடிக்கும் மருந்து. வேலியோர இலையில் அது இலேசாகப் படிந்திருந்தால்கூட, உங்கள் புழுவுக்கு இளமை வற்றவே வற்றாது. பெருத்த உடம்பு, ஓயாத தீனி, சாவின்மை, அதுவும் ஒரே பக்கத்து இலையைத் தின்ற அடுக்கில் மட்டும். இவ்வளவும் சேர்ந்திருக்கும்போது வேறு காரணம் தேட எனக்கு மனம் வரவில்லை. பங்காளியிடம் போய்ப் புட்டியின் மேலட்டையைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

இந்த நிலையில் தாவர எக்டைசோனைத் தெளித்தால் என்ன ஆகும்? இளமை ஹார்மோன் வற்றாமல் இருக்கும்போது எக்டைசோன் வந்தால், அது கூடு கட்டச் சொல்லும் உத்தரவாகாது. இன்னொரு தோலுரிப்புக்கான உத்தரவாகவே ஆகக்கூடும். உங்கள் பணமும் போய், புழுவும் ஆறாம் பருவம் என்று படுத்துக்கொள்ளும். நாயுருவியில் இந்தச் சத்து இருக்கிறது என்று கேள்விப்பட்டுக் கஷாயம் வைப்பவர்களும் உண்டு. சத்து இருப்பது உண்மைதான். ஆனால் எந்தச் செடியில் எவ்வளவு என்று அளக்காமல் ஊற்றுவது வைத்தியமன்று.

நீங்கள் கேட்காத கேள்விக்கு இப்போது வருகிறேன்: இலையைச் சோதிப்பது எப்படி? பத்துப் புழுவுக்கு ஒரு நாள் கொடுத்துப் பார்த்தீர்கள். நரம்பைத் தாக்கும் பழைய பூச்சிமருந்துகளுக்கு அந்தச் சோதனை போதும். புழு சில மணி நேரத்தில் வாந்தி எடுத்துத் துடித்துவிடும். ஹார்மோனைப் போல நடிக்கும் மருந்துகள் அப்படிக் கொல்வதில்லை. புழுவின் நாட்கணக்கைக் குழப்புகின்றன. குழப்பம் வெளியே தெரிவதற்கு அந்த நாள் வந்தாக வேண்டும். ஆகவே இருபது புழுக்களைத் தனித்தட்டில் வைத்து, ஐந்தாம் பருவத்தின் முதல் நாளிலிருந்து கூடு கட்டும் வரை ஐயத்துக்குரிய இலையை மட்டுமே கொடுத்துப் பார்ப்பதுதான் சோதனை. ஒவ்வொரு வளர்ப்பிலும் இந்தத் தட்டு ஒன்று இருக்க வேண்டும் என்று பல ஆண்டுகளாக வற்புறுத்தி வருகிறேன். இருபது புழு போனால் போகட்டும் என்று எண்ண மனம் வராதவர்கள், பிறகு ஓர் அடுக்கையே இழக்கிறார்கள். தட்டின் மேல் ஒரு தாளைக் கட்டி, தோலுரித்து எழுந்த நாளும் வேளையும், எந்த வரிசையின் இலை, முதற்புழு பழுத்த நாள் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி வையுங்கள். வளர்ப்புமனையில் வெப்பமானியை மாட்டியிருப்பவர்கள் பலர். நாட்குறிப்பு வைத்திருப்பவர்கள் மிகச் சிலர்.

இதற்கு நேர்எதிரான மருந்தும் உண்டு. மெத்தாக்சிஃபெனோசைட், டெபுஃபெனோசைட் என்பவை எக்டைசோன் ஏற்பியிலேயே போய் ஒட்டிக்கொண்டு விலகாதவை. காய்ப்புழுவைக் கொல்ல அவற்றைத் தெளிக்கிறார்கள். ஏற்றம் வருகிறது, இறக்கம் வருவதில்லை; புழு உரிய காலத்துக்கு முன்பே தீனியை விட்டு, பழைய தலையோடு தொங்கலாக நின்று, தோலை உரிக்க முடியாமல் சாகிறது. பட்டுப்புழுவும் அதே அந்துப்பூச்சி இனம் என்பதால், மற்றப் பூச்சிகளுக்குத் தீங்கில்லாத மருந்து என்று கடையில் சொல்லும் சான்று உங்களுக்கு உதவாது.

கடைக்காரரைப் பற்றி ஒரு சொல். கூட்டின் எடை கூடும் என்று இளமை ஹார்மோன் வகைப் புட்டியை ஐந்தாம் பருவத் தொடக்கத்துக்கும், ஒரே நாளில் பழுக்கும் என்று எக்டைசோன் வகைப் புட்டியை முடிவுக்கும், வெள்ளை ஈ மருந்தைப் பக்கத்துத் தோட்டத்துக்கும் ஒரே மேசையில் விற்பவர், இந்த மூன்றும் ஒரே கணக்கில் கை வைப்பவை என்று யாருக்கும் சொல்வதில்லை. அரைநாள் கூடுதலாகத் தின்ன வைத்து எடை ஏற்றலாம் என்பது அளவறிந்தவர் கையில் உண்மை. தெளிப்பானில் கண்மதிப்பாக ஊற்றுபவர் கையில் உங்கள் கிழக்கு அடுக்கின் கதைதான். மேலட்டையில் மூலப்பொருளின் பெயரும் அளவும் அச்சிடப்படாத எந்த ‘டானிக்’கையும் வளர்ப்புமனைக்குள் நுழைய விடாதீர்கள்.

இன்று செய்ய வேண்டியது இது. வேலியோர இலையை இப்போதே நிறுத்தி, மேற்குப் பக்கத்து இலையை மட்டும் கொடுங்கள். மூன்று நாட்களில் பழுப்பவற்றைத் தனியாகச் சந்திரிகையில் ஏற்றி, அந்தக் கூடுகளை மேற்கு அடுக்கின் கூடுகளோடு கலக்காமல் சந்தைக்குக் கொண்டுபோங்கள். மெல்லிய கூடு கலந்தால் நல்ல கூட்டின் விலையும் இறங்கும். அதற்கும் பழுக்காதவற்றுக்கு மேலும் இலையைச் செலவிட வேண்டாம். வேலியோரம் நான்கைந்து வரிசைகளைக் கவாத்து செய்துவிட்டு, துளிர்த்து வரும் இலையை அடுத்த வளர்ப்பின் சோதனைத் தட்டுக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். பங்காளியோடு சண்டை வேண்டாம். அவர் தெளிக்கும் நாளை முன்கூட்டியே சொல்லிவிட்டால், அந்த வாரம் அந்தப் பக்கத்து இலையை நீங்கள் பறிக்காமல் விட்டுவிடலாம்.