5 வாட் டியூப் ஆம்ப் கச்சேரிக்குப் போதுமா, 15 வாட்டாவது வாங்கணுமா?

பப்பிலும் காலேஜ் கல்ச்சுரல்ஸிலும் கிட்டார் வாசிக்க எந்த டியூப் ஆம்ப் (வெற்றிடக் குழாய்களால் கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) வாங்கலாம் என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். உங்கள் டிரம்மர் யார் என்று முதலில் சொல்லுங்கள். கிண்டலுக்குக் கேட்கவில்லை, பாதி பதில் அவர் கையில்தான் இருக்கிறது.

என் முதல் டியூப் ஆம்ப் 5 வாட், 8 இன்ச் ஸ்பீக்கர். வீட்டில் வால்யூமை 3-க்கு மேல் திருப்பினால் கீழ் வீட்டு மாமி படியேறி வந்துவிடுவார். இந்தச் சத்தம் ஒரு பப்புக்குப் போதாதா என்ற தைரியத்தில் தூக்கிக்கொண்டு போனேன். சவுண்ட் செக்கில் தனியாக வாசித்தபோது நன்றாகத்தான் கேட்டது. முதல் பாட்டில் டிரம்மர் ஸ்னேர் டிரம்மில் ஓங்கி ஒரு அடி போட்டார், என் கிட்டாரைக் காணோம். 6, 8, 10 என்று ஏற்றிக்கொண்டே போனேன். சத்தம் ஏறவில்லை, கரகரப்புதான் ஏறியது. மூன்றாவது பாட்டு மெதுவானது. ஒவ்வொரு ஸ்வரமும் தெளிவாக விழ வேண்டிய இடத்தில் தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்டதுபோல ஒரு சத்தம். இடைவேளையில் பேஸ் வாசிப்பவன் தோளில் கை போட்டுக் கேட்டான்: "மச்சி, நீ இன்னிக்கு வாசிச்சியா?"

அன்று எனக்குக் குறைந்தது மொத்தச் சத்தம் அல்ல, கிளீன் சத்தம், அதாவது கரகரப்பில்லாத சத்தம். பவர் டியூப் தன் எல்லையைத் தொட்டதும் அலையின் உச்சியை வெட்டத் தொடங்கும். அதற்குமேல் குமிழைத் திருப்பினால் வெட்டுதான் கூடும், சத்தம் அவ்வளவாகக் கூடாது. அந்த வெட்டில் வருகிற இனிப்புக்காகத்தான் நாம் டியூப் ஆம்ப்பே வாங்குகிறோம் என்பது வேறு விஷயம். ஆக, பாட்டு முழுக்க கிரஞ்ச் டோனில் (லேசாகக் கரகரக்கும் சத்தத்தில்) வாசிக்கிற ஆளுக்கு 5 வாட் ஓரளவு தாங்கும். பளிச்சென்ற கிளீன் வேண்டுமென்றால், கை கனத்த டிரம்மரோடு அது தோற்றுத்தான் போகும்.

வாட் கணக்கும் நம்மை நன்றாக ஏமாற்றும். பவர் இரண்டு மடங்கானால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு "இரண்டு மடங்கு சத்தம்" என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு பவர். 15 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் நடுவே சுமார் 8 டெசிபல்தான் வித்தியாசம். காசில் இருக்கிற வித்தியாசமும், மூன்றாவது மாடிக்குத் தூக்கும்போது முதுகில் தெரிகிற வித்தியாசமும் அதைவிடப் பெரியவை.

யாரும் பார்க்காத எண் ஒன்று ஸ்பீக்கரின் விவரத் தாளில் இருக்கிறது: சென்சிட்டிவிட்டி. 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்பதுதான் அது. செலஸ்டியன் கம்பெனியின் 12 இன்ச் ஸ்பீக்கர்களில் வின்டேஜ் 30-க்கு 100, கிரீன்பேக்குக்கு 98. சின்ன காம்போவில் (ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருப்பது) வருகிற 8 இன்ச் ஸ்பீக்கருக்கு 93 என்று வைத்துக்கொண்டால், வின்டேஜ் 30-க்கு மாறினாலே 7 டெசிபல் லாபம். அதே 5 வாட், பழைய ஸ்பீக்கரில் 25 வாட் கொடுத்ததற்குச் சமமாகிவிடும். நான் நண்பனின் 12 இன்ச் கேபினெட்டை (ஸ்பீக்கர் மட்டும் உள்ள பெட்டி) இரவல் வாங்கி என் ஆம்ப்பின் பின்னால் செருகிப் பார்த்தேன். மறுவாரம் அதே பப், அதே டிரம்மர், கிட்டார் கேட்டது. கிளீன் மட்டும் இன்னும் கொஞ்சம் உடைந்தது. (ஆம்ப்பிலும் ஸ்பீக்கரிலும் போட்டிருக்கும் ஓம், அதாவது மின்தடை அளவு, பொருந்துகிறதா பாருங்கள். ஸ்பீக்கர் இல்லாமல் டியூப் ஆம்ப்பை ஓடவிட்டால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்குக் கருமாதிதான்.)

"மைக் வெச்சா 1 வாட் கூடப் போதுமே" என்பார்கள். உண்மைதான். பெரிய வாட் இருந்தும் தோற்ற கதைக்கு 1965 ஆகஸ்டில் நியூயார்க் ஷியா ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் வாசித்ததைச் சொல்லலாம். 55,000-க்கு மேல் கூட்டம், கையில் வாக்ஸ் 100 வாட் ஆம்ப்கள், ஆனால் ரசிகர்களின் அலறலில் அவர்கள் வாசிப்பது அவர்களுக்கே கேட்கவில்லை. இன்றைக்கு அரங்கத்துக்கு சத்தம் தருவது பி.ஏ.வின் (அரங்கத்து மிக்ஸர், ஸ்பீக்கர்களின்) வேலை. ஸ்பீக்கர் துணிக்கு இரண்டு விரற்கடை தள்ளி, கோனின் நடுவிலிருந்து கொஞ்சம் ஓரமாக ஒரு எஸ்.எம்.57 மைக் நின்றால் 5 வாட்டும் மண்டபத்தை நிரப்பும். ஆனால் மேடையில் உங்கள் காதுக்கு எட்ட வேண்டுமே! மானிட்டரில் (மேடையில் நம்மை நோக்கி வைக்கும் ஸ்பீக்கரில்) கிட்டாரைக் கேட்டால், பாடகர் குரல் போக மிச்சமிருந்தால்தான் தருவார்கள். சின்ன பப்பில் பல சமயம் மைக்கே பாட்டுக்கு மட்டும்தான் இருக்கும்.

கல்யாண ரிசப்ஷன் மெல்லிசைக்கு என்றால் இந்தக் கேள்வியே எழாது. ஆம்ப்பை இறக்கும்போதே சவுண்டுகாரர் சொல்லிவிடுவார்: "அதெல்லாம் வேணாம் சார், லைன்ல குடுங்க." ப்ராசஸரை (ஆம்ப்பின் சத்தத்தைப் போலச் செய்யும் கருவி) மிக்ஸரில் செருகிவிட்டு வாசித்துவிட்டு வருவேன். ஜெனரேட்டரில் ஓடுகிற பந்தலில் வோல்டேஜ் ஆடும் ஆட்டத்துக்கு டியூப் ஆம்ப்பைக் காவு கொடுக்க எனக்கு மனசு வராது.

நீங்கள் பப், காலேஜ் கல்ச்சுரல்ஸ் என்று எழுதியிருப்பதால் என் ஓட்டு 15 வாட்டுக்கு, 12 இன்ச் ஸ்பீக்கரோடு. ஃபெண்டர் புளூஸ் ஜூனியரும் வாக்ஸ் ஏ.சி.15-உம் அந்த ரகம், இரண்டிலும் இரண்டு இ.எல்.84 பவர் டியூப். கிளீன்தான் உயிர் என்றால் ஃபெண்டரின் 22 வாட் டீலக்ஸ் ரிவர்ப் வரைக்கும் போகலாம். அதற்குமேல் நம் ஊர் மேடைகளில் வால்யூமை 2-ஐத் தாண்ட விடமாட்டார்கள். அமெரிக்காவிலிருந்து அண்ணன் கொண்டுவருகிறார் என்றால் பின்பக்கம் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். 120 வோல்ட் ஆம்ப்பை நம் 230-இல் நேராகச் செருகினால் ஃபியூஸ் போவதோடு நின்றால் அதிர்ஷ்டம்.

ஏற்கெனவே 5 வாட் வாங்கியாயிற்று என்றால் விற்காதீர்கள். முதலில் அதைத் தரையிலிருந்து எடுத்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து, முகத்தைப் பார்க்கிற மாதிரி சாய்த்துவிட்டு வாசித்துப் பாருங்கள். கூர்மையான சத்தமெல்லாம் ஸ்பீக்கருக்கு நேரே போகிற சுபாவம் உள்ளது; தரையில் வைத்தால் அதை முதல் வரிசைக்காரரின் முழங்கால்தான் கேட்கும். என் ஆம்ப் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, ரிகார்டிங்குக்கு. மாமி வெளியூர் போயிருக்கும் நாளாகப் பார்த்து 8-இல் வைப்பேன்.